ஸ்வான் ஆற்றில் பாசி

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தின் நடுவே ஓடும் ஸ்வான் ஆறு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் 12 நாள்கள் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. நீர்ப்பரப்பு எங்கும் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியதுபோல ஒரு படலம். நீச்சல், மீன்பிடி, படகுச் சவாரி எல்லாம் நின்றுபோயின. காரணம் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி. முந்திய மாதம் உள்நாட்டுக் கோதுமை வட்டாரத்தில் பருவம் தப்பி அடைமழை பெய்திருந்தது. கோடையில் கடல்நீர் ஏறி உவர்ப்பாகக் கிடக்கவேண்டிய கழிமுகம், அந்த வெள்ளத்தால் நன்னீராக மாறிவிட்டது. வயல்களிலிருந்து அடித்துவரப்பட்ட சத்துகள், சுட்டெரிக்கும் வெயில், ஓட்டம் குறைந்த நீர் என்று பாசிக்கு வேண்டிய மூன்றும் ஒரே சமயத்தில் கூடிவந்தன. சில வாரங்களில் கடல்நீர் மீண்டும் மேலேறியது. உப்பைத் தாங்கமாட்டாமல் பாசி மடிந்தது. அத்தனை பெரிய நீர்ப்பரப்பில் மருந்து எதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது.

அந்த வெள்ளம் அபூர்வமானது. ஆற்றின் நோய் பழையது. ஸ்வானின் துணையாறான கேனிங்கில் 1994இலேயே அனபீனா என்ற வேறொரு நீலப்பச்சைப் பாசி பெருகி, மாநில அரசை விழிக்க வைத்திருந்தது. இரு ஆறுகளையும் சுத்தப்படுத்தும் திட்டம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. நகரத்து நீர்நிலையில் பாசியைக் கட்டுப்படுத்த இன்று உலகில் கையாளப்படும் வழிகளில் பல இந்த ஆறுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. எது எங்கே பலித்தது, எது எங்கே பலிக்காது என்பதைப் படிக்க இவை நல்ல பாடநூல்.

நீலப்பச்சைப் பாசி என்று வழங்கினாலும் அது தாவரம் அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. மைக்ரோசிஸ்டிஸின் செல்லுக்குள் காற்று நிறைந்த நுண்ணிய பைகள் உண்டு. அவற்றின் உதவியால் அது வெளிச்சம் தேடி மேலே மிதக்கிறது. பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை செய்து மாவுச்சத்து சேர்ந்ததும் கனம் கூடி மெல்லக் கீழே இறங்குகிறது. அடியில் இருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே வருகிறது. நீர் கலங்கிக்கொண்டே இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தால் ஆதாயம் இல்லை. நீர் அசையாமல் நின்றால் மிதக்கத் தெரியாத மற்ற பாசிகள் எல்லாம் தோற்றுப்போகும். இதன் நஞ்சு கல்லீரலைத் தாக்கக்கூடியது. நீரைக் கொதிக்கவைத்தாலும் அழியாது. நஞ்சில்லாத பாசியும் கெடுதல் செய்யாமல் விடுவதில்லை. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் அதே பாசி இரவெல்லாம் அதை உட்கொள்கிறது. மொத்தமாகச் செத்து அழுகும்போது மிச்சமிருப்பதும் தீர்ந்துபோகிறது. பாசி மண்டிய நீரில் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான்.

பாசியின் உடலில் கார்பன் அணுக்கள் 106 என்றால் நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் ஒன்று என்பது கடலியலாளர் ஆல்பிரட் ரெட்ஃபீல்டு கண்டறிந்த விகிதம். கார்பனுக்குக் காற்றில் பஞ்சமில்லை. ஆகவே வளர்ச்சியை நிறுத்தக்கூடியவை மற்ற இரண்டும்தான். ஒரு கிலோ பாஸ்பரஸ் நீரில் இறங்கினால் உலர் எடையில் சுமார் நூறு கிலோ பாசி விளைய அது போதும். நன்னீரில் பாஸ்பரஸ்தான் பெரும்பாலும் கடிவாளம். நைட்ரஜன் குறைந்தால் அனபீனா போன்றவை அதைக் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸை அப்படிப் பிடிக்க எந்தப் பாசிக்கும் வழியில்லை. உவர்நீரில் கணக்கு மாறுகிறது. கடல்நீர் ஏறிய ஸ்வான் கழிமுகத்தில் பல மாதங்களில் முதலில் தீர்ந்துபோவது நைட்ரஜன். கேனிங்கின் மேற்பகுதிக்கு ஒரு வைத்தியம், கழிமுகத்துக்கு வேறொரு வைத்தியம் என்று பிரிந்தது இதனால்தான்.

இதைவிட எளிய கதை அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியுடையது. அங்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் குழாய்கள் நேராக ஏரிக்குள் திறந்திருந்தன. 1963 முதல் 1968 வரை அவற்றை ஒவ்வொன்றாகத் திசைதிருப்பினார்கள். பாஸ்பரஸ் சரிந்தது, சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. குழாய் கண்ணுக்குத் தெரிந்தது, அடைத்தார்கள், வேலை முடிந்தது. பெர்த்தில் அடைக்க அப்படி ஒரு குழாய் இல்லை.

பெர்த் அமர்ந்திருப்பது மணல்மேல். கடலோரச் சமவெளியின் பெரும்பகுதியில் இருப்பது காலங்காலமாக மழையில் அலசப்பட்டு வெளுத்துப்போன மணல். பாஸ்பரஸைப் பிடித்துவைப்பவை மண்ணில் இருக்கும் இரும்பு, அலுமினியச் சேர்மங்கள். இந்த வெள்ளை மணலில் அவை ஏறக்குறைய இல்லை. களிமண்ணில் போட்ட சூப்பர் பாஸ்பேட் அங்கேயே கட்டிக்கொள்ளும். இங்கே போட்டது மழையோடு இறங்கி, மேலாக நிற்கும் நிலத்தடி நீரில் கலந்து, வடிகாலில் கசிந்து ஆற்றுக்கு வந்துவிடும். சத்தில்லாத மணலில் புல் வளர்க்க உரம் தேவை, உரத்தைப் பிடித்துவைக்க அந்த மணலுக்கு வக்கில்லை. ஸ்வானுக்கு நீர் கொண்டுவருவதில் எல்லன் புரூக் என்ற ஓடையின் பங்கு சொற்பம். ஆனால் கடலோரச் சமவெளியிலிருந்து ஆற்றில் சேரும் பாஸ்பரஸில் மிகப் பெரிய பங்கு அதனுடையது. அதன் நீர்ப்பிடிப்பில் பெரிய ஆலைகளோ நெருக்கமான குடியிருப்புகளோ இல்லை. மாடு மேயும் புல்வெளிகளே அதிகம். தலைமுறை தலைமுறையாகப் போட்ட உரம் மண்ணிலிருந்து இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது.

ஆற்றுக்கு வந்த பாஸ்பரஸ் முழுவதும் கடலுக்குப் போய்விடுவதில்லை. ஒரு பகுதி வண்டலோடு அடியில் படிகிறது. இங்கேதான் கழிமுகத்தின் அமைப்பு விளையாடுகிறது. பெர்த்தில் மழை பெரும்பாலும் பெய்வது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில். மழை ஓய்ந்து ஆற்று நீர் குறையக் குறைய, கடல்நீர் ஆப்புபோல் அடியில் நுழைந்து மேற்குப்புறமிருந்து உள்ளே ஏறுகிறது. ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்காகப் பொறியாளர் சி. ஒய். ஓ'கானர் 1890களில் முகத்துவாரத்தின் பாறைத்திட்டை வெடிவைத்துத் தகர்த்த பிறகு கடலுக்கு வழி இன்னும் தாராளமாயிற்று. கனமான உப்புநீர் கீழே, லேசான நன்னீர் மேலே, இரண்டும் எளிதில் கலப்பதில்லை. அகன்ற கீழ்ப்பகுதியைப் பிற்பகல்தோறும் கடற்காற்று வந்து கலக்கிவிடுகிறது. அந்தக் காற்றுக்கு 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்றே ஊரில் பெயர். வெக்கையைத் தணிக்க வரும் வைத்தியர் ஆற்றுக்கும் கொஞ்சம் வைத்தியம் பார்க்கிறார். குறுகி வளைந்து ஓடும் மேற்பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே அடிநீரில் இருக்கும் ஆக்சிஜனைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்றில் பாஸ்பேட்டைப் பிணைத்திருந்த இரும்புச் சேர்மம் வேறு வடிவத்துக்கு மாறிக் கரைகிறது, பிடியிலிருந்த பாஸ்பேட் விடுபடுகிறது. கூடவே அம்மோனியமும் வெளியேறுகிறது. வெளியிலிருந்து அதிகச் சத்து வராத நடுக்கோடையில் பாசி பெருகும் விந்தைக்கு விடை இந்தச் சேற்றில் இருக்கிறது.

அடிநீருக்கு ஆக்சிஜன் கொடுப்பது என்ற யோசனை இதிலிருந்து பிறந்ததுதான். கேனிங்கில் 1990களின் பிற்பாதியில் சோதனை தொடங்கியது. பிறகு அங்கே நிரந்தர நிலையங்கள் வந்தன. ஸ்வானின் மேற்பகுதியில் கில்ஃபோர்டிலும் கேவர்ஷமிலும் இரண்டு நிலையங்கள் உள்ளன. கரையில் திரவ ஆக்சிஜன் தொட்டி நிற்கும். ஆற்று நீரை இறைத்து, அழுத்தத்தில் அதில் தூய ஆக்சிஜனைக் கரைத்து, குழாய் வழியே மீண்டும் ஆற்றின் அடியிலேயே விடுகிறார்கள். மீன் தொட்டியில் விடுவதுபோல் காற்றுக் குமிழிகளை நேராக விட்டால் செலவு குறையுமே என்று தோன்றும். குமிழிகள் மேலே எழும்போது அடிநீரையும் இழுத்துக்கொண்டு எழும். ஆழமில்லாத ஆற்றில் அடியிலிருக்கும் சத்து முழுக்க வெளிச்சத்துக்கு வந்தால் அது பாசிக்கு விருந்து. அதனால் அடுக்குகளைக் கலைக்காமல் அடிநீருக்கு மட்டும் ஆக்சிஜன் தருகிறார்கள். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறவும், அந்த நைட்ரேட் சேற்றுக்குள் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போகவும் இது வழிசெய்கிறது. மீன்களுக்கு உடனடியாக மூச்சுவிட இடமும் கிடைக்கிறது. நிலையத்தை நிறுத்தினால் அடிநீர் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதையும் சொல்லவேண்டும். இது நோயைத் தீர்ப்பதில்லை, நோயாளியைத் தேற்றுகிறது.

கேனிங்கில் இன்னொரு கருவியும் உருவானது. அந்த ஆற்றின் குறுக்கே கென்ட் தெருத் தடுப்பணை இருக்கிறது. கடலிலிருந்து ஏறும் உப்புநீரைத் தடுத்து மேலே நன்னீரைத் தேக்குவது அதன் வேலை. தேங்கிய நன்னீர் கோடையில் குளம்போல் நின்றுவிடுவதால் அனபீனாவுக்குக் கொண்டாட்டம். ஆஸ்திரேலியாவின் தேசிய ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1990களில் இதற்காகவே ஒரு களிமண்ணைத் தயாரித்தது. பென்டனைட் களிமண்ணின் படலங்களுக்கு இடையில் இருக்கும் சோடியம், கால்சியம் அயனிகளை நீக்கி, அந்த இடத்தில் லாந்தனம் என்ற அருமண் உலோகத்தை ஏற்றினார்கள். லாந்தனம் பாஸ்பேட்டோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்து கரையாத கனிமமாகிவிடும். இரும்பைப்போல் ஆக்சிஜன் தீர்ந்ததும் கைவிடாது. ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிணைப்பு அவிழாது என்பதுதான் இதன் சிறப்பு. ஃபாஸ்லாக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தக் களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் படகிலிருந்து தெளித்தார்கள். இறங்கும்போது நீரில் கரைந்துள்ள பாஸ்பேட்டைப் பிடிக்கும். படிந்த பின் சேற்றின்மேல் மெல்லிய மூடியாக இருந்து கீழிருந்து கசிவதையும் பிடிக்கும்.

இந்தக் களிமண்ணிலும் கணக்கு உண்டு. ஒரு கிலோ பாஸ்பரஸைக் கட்ட ஏறத்தாழ நூறு கிலோ களிமண் வேண்டும். அடைபட்ட குளத்துக்கு இது கட்டுப்படியாகும். ஒவ்வொரு குளிர்காலமும் புது வெள்ளம் புதுச் சத்தோடு புது வண்டலைக் கொண்டுவந்து மூடியின்மேல் மூடி போடும் ஆற்றில், களிமண்ணை மீண்டும் மீண்டும் போடவேண்டும். உவர்நீரில் லாந்தனம் களிமண்ணைவிட்டுக் கழன்று வரும் அபாயம் இருப்பதால் கழிமுகத்துக்கு இது ஆகாது. தடுப்பணைக்கு மேலே மட்டுமே இதன் ராஜ்யம்.

ஆற்றில் இறங்கியபின் பிடிப்பதைவிட வாய்க்காலிலேயே பிடிப்பது மலிவு. பெர்த்தின் மழைநீர் வடிகால்கள் நகரம் வளர்ந்த காலத்தில் நீரை எவ்வளவு சீக்கிரம் ஆற்றில் தள்ளலாம் என்பதற்காக வெட்டப்பட்டவை. நேர்கோடு, சரிந்த கரை, நிழல் இல்லை. தெருவில் பெய்த மழை, புல்தரையில் போட்ட உரம், நாய்க் கழிவு, உதிர்ந்த இலை எல்லாம் அரை மணி நேரத்தில் ஆற்றில். கேனிங்கின் கிளையான பேனிஸ்டர் ஓடையின் ஒரு பகுதியில் இதைத் தலைகீழாக்கினார்கள். நேர்வெட்டாக இருந்த வாய்க்காலை வளைத்துவிட்டு, கரையின் சரிவைக் குறைத்து, இடையிடையே கல்லடுக்கிச் சிற்றருவிபோல் நீரைத் தத்தவிட்டு, ஓரத்தில் அந்த மண்ணுக்குரிய கோரையும் மரங்களும் நட்டார்கள். நீர் தயங்கும்போது வண்டல் படியும். வண்டலில் ஒட்டிய பாஸ்பரஸும் அங்கேயே தங்கும். கோரைத் தண்டுகளில் வழவழப்பாகப் படரும் நுண்ணுயிர்ப் படலம் நைட்ரேட்டை வாயுவாக்கும்.

கேனிங்டன் பகுதியில் 2004இல் அமைத்த லீஜ் தெரு ஈரநிலமும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. முன்பு நேராகக் கேனிங்கில் கொட்டிய வடிகால்கள் இப்போது முதலில் ஆழமான குளத்தில் விழுகின்றன, பிறகு ஆழமற்ற கோரைத் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போகின்றன. செயற்கை ஈரநிலத்தை வெட்டித் திறப்பு விழா நடத்திவிட்டால் போதும் என்று நினைக்கும் நகராட்சிகள் உலகெங்கும் உண்டு. படிந்த வண்டலை வாரி எடுக்காமல், முற்றிய கோரையை அறுக்காமல் விட்டால், சில ஆண்டுகளில் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்து, சேர்த்து வைத்த பாஸ்பரஸை ஈரநிலமே திருப்பித் தரத் தொடங்கும். பராமரிப்புச் செலவு என்ற வரி திட்ட மதிப்பீட்டில் இல்லையென்றால் ஈரநிலம் வெட்டாமலே இருக்கலாம்.

அதற்கும் மேலே இருப்பது வயல். எல்லன் புரூக் போன்ற நீர்ப்பிடிப்புகளில் மண்பரிசோதனை செய்து பார்த்தபோது, பல புல்வெளிகளில் பாஸ்பரஸ் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருப்பது தெரிந்தது. விளைச்சல் குறைந்ததற்குக் காரணம் மண்ணின் புளிப்பு, இல்லையென்றால் பொட்டாஷ் அல்லது கந்தகக் குறை. சுண்ணாம்பு போடவேண்டிய இடத்தில் பழக்கத்தால் சூப்பர் பாஸ்பேட் போட்டுக்கொண்டிருந்தார்கள். உரச் செலவைக் குறைக்கும் ஆலோசனை என்பதால் விவசாயியிடம் இதைச் சொல்வது சுலபம். மணலின் குணத்தையே மாற்றும் முயற்சியும் நடந்தது. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தபின் எஞ்சும் செம்மண் கசடு, கனிம மணல் ஆலைகளின் இரும்புக் கழிவு ஆகியவற்றை மண்ணில் கலந்தால், மணலில் இல்லாத இரும்பும் அலுமினியமும் கிடைத்துப் பாஸ்பரஸ் நின்றுவிடும். ஆலைக் கழிவை மேய்ச்சல் நிலத்தில் போடுவதா என்ற தயக்கம் இயல்பானது. காரத்தன்மை, உப்பு, கன உலோகம் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவேண்டியிருந்தது.

நகரவாசிகளுக்குச் சொல்லப்படுவது இன்னும் சிறிய விஷயம்: வீட்டுப் புல்தரைக்கு உரம் போடுவதென்றால் வசந்தத்திலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ போடவேண்டும். குளிர்கால மழையில் போட்டது புல்லுக்குப் போகாது, ஆற்றுக்குப் போகும். செப்டிக் டேங்க் வைத்திருந்த பழைய குடியிருப்புகளைப் பாதாளச் சாக்கடையில் இணைக்கும் பெரும் திட்டத்தையும் மாநில அரசு 1994இல் தொடங்கியது. மணலில் செப்டிக் டேங்கின் கசிவு நேராக நிலத்தடி நீருக்கு இறங்குவதால் அந்த வேலை ஆற்றுக்கும் பயன்பட்டது.

நீருக்குள்ளேயே பாசியைக் கொல்லும் குறுக்குவழிகளைப் பெர்த் பெரும்பாலும் நாடவில்லை. மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட்டைத் தூவினால் பாசி ஓரிரு நாளில் சாகும். செல் வெடித்து உள்ளிருந்த நஞ்சு மொத்தமும் நீரில் கலக்கும், பாசியை மேய்ந்துவந்த நுண்விலங்குகளும் சேர்ந்து சாகும், அழுகலில் ஆக்சிஜன் போகும், செம்பு சேற்றில் தங்கும். பாஸ்பரஸ் அப்படியே இருப்பதால் அடுத்த பாசி தயாராகும். ஆசிய நகரங்களில் பிரபலமான, நுண்ணுயிர்க் கரைசலில் பிசைந்த மண் உருண்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இவற்றைச் சோதித்தபோது, வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவில் நீலப்பச்சைப் பாசி குறையவில்லை. பள்ளிக்குழந்தைகள் வரிசையாக நின்று உருண்டை எறிவது செய்தித்தாள் படத்துக்கு அழகு. உருண்டையோடு நீருக்குள் போவது இன்னும் கொஞ்சம் மண்ணும் சத்தும்.

ஸ்வான், கேனிங் ஆறுகளில் வாரந்தோறும் நீர் எடுத்துச் சோதிக்கிறார்கள். முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கிப் படகில் போய், இடத்துக்கு இடம் மேலிருந்து அடிவரை உப்பு, ஆக்சிஜன், வெப்பம், பச்சையம் ஆகியவற்றை அளந்து, ஆற்றை நீளவாக்கில் வெட்டிப் பார்த்ததுபோன்ற வண்ணப் படமாக வெளியிடுகிறார்கள். உப்பு ஆப்பு எந்தப் பாலம்வரை ஏறியிருக்கிறது, ஆக்சிஜன் எங்கே தீர்ந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். எந்தப் பாசி எத்தனை என்பதை நுண்ணோக்கியில் எண்ணுவது தனி வேலை. ஆண்டு முழுக்க ஒரே பாசி இருப்பதில்லை. குளிர்கால வெள்ளத்துக்குப் பின் சிலிக்கா ஓடுடைய டயாட்டம்கள், வசந்தத்தில் பச்சைப் பாசிகள், கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இரட்டைச் சாட்டையால் நீந்தும் டைனோஃபிளாஜெலேட்டுகள் என்று அவை முறைவைத்து வருகின்றன. முதலில் வருபவை ஆற்றின் உணவுச் சங்கிலிக்கு அடித்தளம். சிக்கல் கடைசி வரிசையில். அதைச் சேர்ந்த கார்லோடினியம் 2000களின் முற்பாதியில் மேல் ஸ்வானில் மீன்களைக் கூட்டமாகக் கொன்றது; அதன் நஞ்சு செவுள்களைச் சிதைக்கக்கூடியது.

இந்த வரிசையையே மழை இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் மே முதல் ஜூலை வரையிலான மழை 1970க்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. ஆறுகளின் நீர்வரத்து அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரிந்திருக்கிறது. வெள்ளம் குறைந்தால் நிலத்திலிருந்து வரும் சத்தும் குறையும் என்பது ஒரு பக்கம். ஆற்றை அலசிவிடும் நீர் இல்லாமல் உப்பு மேலே ஏறி, அதிக மாதங்கள் தங்குவது மறுபக்கம். மைக்ரோசிஸ்டிஸுக்கு இது ஒத்துவராது. உப்பில் வாழும் டைனோஃபிளாஜெலேட்டுகளுக்கு ஒத்துவரும். 2019–20 கோடை முதல் ஸ்வான், கேனிங் கழிமுகங்களில் அவற்றில் ஒன்றான அலெக்சாண்ட்ரியம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. நீரில் நிறம் தெரியாத அளவு இருந்தாலும் அதன் நரம்பு நஞ்சு மட்டிகளிலும் நீலக்கால் நண்டுகளிலும் சேர்ந்துவிடும், சமைத்தாலும் போகாது. சத்து தீர்ந்ததும் அது தடித்த ஓடுடைய உறங்குநிலைச் செல்லாகிச் சேற்றில் புதைந்து, அடுத்த கோடையில் முளைக்கும். லாந்தனக் களிமண் அங்கே உதவாது. தடுப்பணைக்கு மேலே செய்யும் எதுவும் அதை நேரடியாகத் தொடாது. கழிமுகத்தில் அதன் வளர்ச்சிக்கு வரம்பிடக்கூடியது நைட்ரஜன் என்பதால், வடிகால்களிலும் நிலத்தடி நீரிலும் வரும் நைட்ரஜனைக் குறைப்பது நீண்டகால வேலையாகிறது. அதுவரை செய்யக்கூடியது செல்களை எண்ணுவதும், எண்ணிக்கை ஏறும்போது அந்தப் பகுதியில் பிடித்த நண்டையும் மட்டியையும் உண்ண வேண்டாம் என்று சுகாதாரத் துறை அறிவிப்பதும்தான்.